பக்கத்துக் குவாரியும் நம் கணக்கும்

சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில், ஹரியானாவின் பஞ்ச்குலா மாவட்டத்தில், மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் சமவெளியைத் தொட்டதும் தம் சுமையை இறக்கி வைக்கின்றன. உருட்டுக் கற்களும் சரளையும் மணலும் அங்கே பரந்து கிடக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் இவற்றைத் தோண்டும் உரிமை ஏலத்துக்கு வந்தபோது, ஒவ்வொரு துண்டும் 4.5 ஹெக்டேருக்கு மேற்படாதவாறு வகுக்கப்பட்டிருந்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அந்நாளில் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள சுரங்கங்களுக்கே முன் அனுமதி தேவைப்பட்டது. ஆகவே அத்துண்டுகளில் எதற்கும் மதிப்பீடு கட்டாயமாகவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தோன்றும் தீங்குகள் ஒன்றுசேரும்போது பெரிதாகலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் அனுமதி வேண்டும் என 2012 பிப்ரவரி 27-இல் ஆணையிட்டது.

அனுமதி பெறுவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. எப்படிக் கூட்டுவது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. ஓர் ஊரின் காற்றில் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள், கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரிக்கு 2009-இல் வகுக்கப்பட்ட தேசிய வரம்பு 100. ஒரு குவாரி 8 சேர்க்குமாயின் அதன் அறிக்கை 78 என்று காட்டும். அடுத்த குவாரியின் அறிக்கையும் அதே 70-இல் தொடங்கி 78 என்றே முடியும். இவ்வாறு ஐந்து குவாரிகளும் தேறிவிடும். ஊர் மக்கள் மட்டும் 110-ஐச் சுவாசிப்பர். காற்று எந்நாளும் எல்லாக் குழிகளின் தூசியையும் ஓரிடத்தில் சேர்ப்பதில்லை. ஆதலால் 110 என்பதை மேல்வரம்பாகக் கொள்ளலாம். ஆனால் லாரிகள் யாவும் செல்லும் மண்சாலை ஒன்றே. அதன் ஓரத்துப் பள்ளிக்கூடமும் ஒன்றே. அச்சாலையின் தூசியை யார் கணக்கில் எழுதுவது? தனித்தனி அறிக்கைகளில் அது விடுபட்டுப் போவது எளிது.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதும் பிழையாகும். ஓரிடத்தில் தலைக்கு 60 டெசிபெல் ஒலி தரும் இரு இயந்திரங்கள் சேர்ந்து இயங்கினால் அங்கே 120 கேட்காது. 63 தான் கேட்கும். (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர் எளிதில் நம்பமாட்டார்கள்.) குழிகளிலிருந்து நீர் இறைத்தால் ஊர்க் கிணற்றில் ஒவ்வொன்றாலும் ஏற்படும் தாழ்வோ ஏறக்குறைய அப்படியே கூடும்.

ஆற்றுச் சரளையின் கணக்கு இவற்றினும் சிக்கலானது. அள்ளிய சரளையை அடுத்த பருவமழை நிரப்பிவிடும் என்று ஒவ்வொரு குவாரியின் திட்டமும் சொல்லக்கூடும். ஒரு வெள்ளம் ஒரு லட்சம் டன் கொணர்கிறது என்போம். மூன்று குத்தகைகள் தலைக்கு 60,000 டன்னை அதிலிருந்து எதிர்பார்த்தால், இல்லாத 80,000 டன் ஆற்றின் அடித்தளத்திலிருந்தே போக வேண்டும். மேலும், மேலே உள்ள குழி வரும் கற்களைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. சுமை குறைந்த நீர் கீழே சென்று படுகையை அரிக்கிறது. குழியின் மேல் விளிம்பிலிருந்து அரிப்பு நீரோட்டத்தை எதிர்த்தும் ஏறுகிறது. படுகை தாழ்ந்தால் பாலத்தூண்களின் அடி வெளிப்படும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் உடன் இறங்கும். தோண்டிய இடம் ஒன்று, கேடு தெரியும் இடம் வேறு என்றாவதால் பொறுப்பை ஏற்பவர் எவருமில்லை.

2016 ஜனவரி 15-ஆம் தேதி அறிவிக்கை, ஒரே வகைக் கனிமப் பகுதியில் 500 மீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள குத்தகைகளை ஒரு தொகுதியாகக் கொள்ளச் செய்தது. தூசிக்கும் ஒலிக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆற்றுக்குப் பொருந்தாது என்பது எம் கருத்து. இரண்டு கிலோமீட்டர் மேலே உள்ள குழியும் அதே வெள்ளத்தின் சரளையைத்தான் பிடித்து வைக்கிறது. அன்றியும், அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி அறிவிக்கை, மூன்றாண்டுகளாக இயங்காத குத்தகைகளையும் ஜனவரி 15-ஆம் தேதியில் அனுமதி பெற்றிருந்தவற்றையும் தொகுதியின் பரப்பில் சேர்க்க வேண்டாம் என்றது. கைவிடப்பட்ட குழியும் அடுத்த வெள்ளத்தில் கற்களை விழுங்கத்தான் செய்யும். அது இயங்குகிறதா இல்லையா என்று ஆறு கேட்பதில்லை. ஆதலின் ஆற்றுச் சரளைக்கு ஒரு சங்கமத்திலிருந்து அடுத்த சங்கமம் வரையுள்ள நீளத்தை ஒரே அலகாகக் கொண்டு, பழைய குழிகளையும் உட்படுத்தி மதிப்பிடுதலே முறை.

சிறு குத்தகைக்காரர் இத்தகைய ஆய்வின் செலவைத் தாங்குவாரா என்பது நியாயமான ஆட்சேபம். தாங்கமாட்டார், தாங்கத் தேவையுமில்லை. ஓர் ஆய்வைப் பொதுவில் நடத்தி, எடுக்கும் டன்னுக்கு ஏற்பச் செலவைப் பங்கிடலாம். மாவட்ட ஆய்வறிக்கை என்னும் ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. அதில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால் போதும்.

அதற்குமுன் அளவுகள் வேண்டும். களப்பணியாளர் நிலையான குறிக்கற்களை நட்டு, ஆற்றின் குறுக்கு வெட்டினை மழைக்கு முன் ஒரு முறையும் மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் அளந்து வருதல் வேண்டும். ஆசிரியர்கள் பள்ளிக் கிணற்றில் கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை மாணவரைக் கொண்டே குறிக்கச் செய்யலாம். ஆற்றோரத்துப் பள்ளிகள் யாவும் மாதத்தின் ஒரே நாளில் அளப்பது நலம். காலையில், யாரும் நீர் இறைக்குமுன் அளக்க வேண்டும்.