முதல் மாதம் இலவசமாம்!

2025 அக்டோபர் 30-ந் தேதி நம் நாட்டில் ஒரு பெரிய தர்ம காரியம் அறிவிக்கப்பட்டது. ரிலையன்ஸ் கம்பெனியும் அமெரிக்கக் கூகுள் கம்பெனியும் கைகோத்துக்கொண்டு, கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் 'ஜெமினி' என்ற செயற்கை அறிவுச் சேவையைப் பதினெட்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்கப் போவதாகப் பறைசாற்றின. அதன் மதிப்பு 35,100 ரூபாயாம். முதல் பந்தியில் உட்காரும் பாக்கியம் 18 முதல் 25 வயது வரை உள்ள வாலிபர்களுக்கு!

இது மட்டுமல்ல. அதே ஆண்டு ஜூலையில் ஏர்டெல் கம்பெனி தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு இது போன்ற இன்னொரு சேவையை ஓராண்டு இலவசம் என்றது. கூகுள் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஓராண்டு இலவசம் என்றது. நவம்பரில் ஓபன்ஏஐ கம்பெனி தானும் ஓராண்டு இலவசம் என்று வந்து நின்றது. கடைச் சரக்கு விற்கும் அமேசான் கம்பெனியோ 18 முதல் 24 வயதுக்காரர்களுக்குச் சந்தாவில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று சலுகை காட்டியது.

அடடா, என்ன தாராளம்! கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் மூக்கால் அழுகிற முதலாளி வர்க்கம், நம் பிள்ளைகளைக் கண்டதும் கர்ணனாக மாறிவிட்டதா? இந்த வள்ளல்தனத்தின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அந்தப் பதினெட்டு மாத இலவசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 349 ரூபாய் முதல் தொடங்கும் 5ஜி திட்டம் ஒன்றில் இருக்க வேண்டும். பதினெட்டு மாதமும் அது அறுபடாமல் தொடர வேண்டும். 28 நாளுக்கு ஒரு முறை என்றால் ஏறத்தாழ 20 தடவை பணம் கட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள், 6,980 ரூபாய் வருகிறது. "போனுக்கு எப்படியும் பணம் கட்டத்தானே போகிறோம்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பதினெட்டு மாதமும் விலை ஏறினாலும் குறைந்த திட்டத்துக்கு இறங்க முடியாது. வேறு கம்பெனிக்குப் போக முடியாது. போனால் 'இலவசம்' போய்விடும். தானம் கொடுத்தவன் வாங்கினவன் காலில் கட்டிய கயிறு அல்லவா இது!

வாலிபர் மீது ஏன் இத்தனை பாசம்?

பத்தொன்பது வயதுப் பையனிடம் இன்று காசு இல்லை. அது கம்பெனிக்கும் தெரியும். ஆனால் அவனிடம் இன்னும் நாற்பது வருட உழைப்பு இருக்கிறது, நாற்பது வருடச் சம்பளம் இருக்கிறது. இன்று பழக்கம் ஏற்பட்டுவிட்டால் நாளை அந்தச் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு தானாக வந்து விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டிலும் சரி, உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டிலும் சரி, எந்த சிம் வாங்குவது, எந்தச் செயலியைப் போடுவது என்று முடிவு செய்வது யார்? படித்த மகனும் மகளும்தான். அப்பா போனையும் அம்மா போனையும் இயக்கிக் கொடுப்பது அவர்களே. ஆகவே ஒரு வாலிபனைப் பிடித்தால் ஒரு குடும்பமே வலையில் விழும்.

இது புதிய தந்திரமும் அல்ல. வெள்ளைக்காரத் தேயிலை முதலாளிகள் நம் மக்களுக்குத் தேநீர் பழக்கியது எப்படி? தங்கள் சரக்குக்கு இங்கேயே சந்தை தேட 1903-ல் தேயிலை மீது சட்டப்படி ஒரு வரி போடச் செய்து, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்தார்கள். பிற்பாடு ரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் கடை வைத்தார்கள். 1930-களில் ஊர் ஊராகப் போய் இலவசமாகக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். இன்று இலவசத் தேநீர் எங்கே? பழக்கம் மட்டும் நிற்கிறது. விலையை நாம் கொடுக்கிறோம்.

ஜியோ கற்பித்த பாடம்

இலவசம் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு தேசத்துச் சரித்திரம் தேட வேண்டியதில்லை. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ தொடங்கியது. டிசம்பர் முடிய எல்லாம் இலவசம். மாணவர் அடையாள அட்டை காட்டினால் 25 சதவீதம் கூடுதல் டேட்டா என்றும் வாக்குக் கொடுத்தார்கள். விளம்பரச் சலுகை 90 நாளைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருந்தது. உடனே பெயரை மாற்றினார்கள். 'வரவேற்புச் சலுகை' போய் 'புத்தாண்டுச் சலுகை' வந்தது. இலவசம் 2017 மார்ச் 31 வரை நீண்டது. விதி மீறப்படவில்லை என்று ஆணையமும் சொல்லிவிட்டது! 170 நாளில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்த கையோடு 99 ரூபாய் கட்டி 'பிரைம்' அங்கத்தினர் ஆகுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு நடந்தது என்ன? 1999-ல் தமிழ்நாட்டில் தொழில் தொடங்கிய ஏர்செல், ஏற்கெனவே கடனில் தத்தளித்த நிலையில், இந்த விலைப்போரில் 2018-ல் திவாலாயிற்று. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற நம் மக்கள் கடை வாசலில் கால் கடுக்க நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். டாட்டாவின் செல்போன் தொழில் ஏர்டெல்லுக்குள் கரைந்தது. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. சர்க்கார் ஸ்தாபனமான பி.எஸ்.என்.எல்.லுக்குக் காலத்தில் 4ஜி அலைக்கற்றை தராமல் காயப்போட்டார்கள். 2020 ஜனவரி இறுதியில் அதன் ஊழியர்கள் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள்.

போட்டியாளர்கள் ஒழிந்ததும் வள்ளல்களின் முகம் மாறியது. 2019 டிசம்பரில் கட்டண உயர்வு. 2021-ன் இறுதியில் மறுபடி உயர்வு. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராக ஒரே வாரத்தில் உயர்த்தின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. அமேசானும் இதே பாதையில்தான் போனது: 2016-ல் அறுபது நாள் இலவசம், ஆண்டுக்கு 499, அடுத்த ஆண்டு 999, 2021 டிசம்பரில் 1,499.

முதலில் இலவசம், அடுத்து ஏகபோகம், கடைசியில் வசூல். இதுதான் அவர்களுடைய மூன்று படிக்கட்டு.

காஞ்சிக்குத் தெரியாத வித்தையா?

காஞ்சிபுரத்துத் தறிக்காரனுக்கு இது புரியாத விஷயமா? தறி முதலாளி முன்பணம் கொடுக்கிறான். மகளுக்குக் கல்யாணம், வீட்டில் நோய் என்று நெருக்கடி வரும்போது சிரித்த முகத்தோடு எண்ணிக் கொடுக்கிறான். வட்டி கூடக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பணத்தை அடைக்கும் வரை வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. கூலி குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் நாடா போட ஒரு துணைக் கை வேண்டும். அந்தக் கையாகப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையை எத்தனை தலைமுறை தறியில் உட்கார்த்தி வைத்தது இந்த முன்பணம்!

முன்பணம் என்பது தானமல்ல, பிடிமானம். இன்றைய 'முதல் மாதம் இலவசம்' அதே முன்பணம்தான். அன்று கைநாட்டு வாங்கினார்கள். இன்று கைப்பேசியில் ஒரு தட்டல் வாங்குகிறார்கள்.

ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற நெசவாளி மகன் ஒருவன் அண்மையில் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தான். "அண்ணே, படம் பார்க்க ஒரு ரூபாய்தான்னு சொன்னாங்க. இப்ப மாசா மாசம் பேங்கிலிருந்து காசு போகுது. எங்கே நிறுத்தறதுன்னே தெரியல" என்றான். பிரித்துப் பார்த்தோம். ஒரு ரூபாய் கட்டியபோதே 'ஆட்டோபே' என்ற நிரந்தர ஒப்புதலை அவனிடமிருந்து வாங்கியிருந்தார்கள். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையானால் அடுத்த மாதங்களில் ரகசிய எண் கூடக் கேட்க வேண்டியதில்லை. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஐம்பது விளம்பரச் செய்தி வருகிற போனில், இரவு ஷிப்டு முடித்து வருகிறவன் எதைத் தேடிப் படிப்பான்?

நுழைய ஒரு வாசல், வெளியேற?

அமெரிக்காவிலும் இதே கதைதான். சம்மதமில்லாமல் மக்களைச் சந்தாவில் சேர்த்தது, விலக முடியாமல் அலைக்கழித்தது என்று அமேசான் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. விலக வேண்டுமானால் நான்கு பக்கம், ஆறு தட்டல், பதினைந்து தேர்வுகளைக் கடக்க வேண்டும் என்று ஆணையம் எடுத்துக் காட்டியது. அந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' - நம் மகாபாரதம் போல நீண்ட கிரேக்க யுத்தக் காவியம்! 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது அமேசான். அதில் 150 கோடி, சுமார் மூன்றரைக் கோடி மக்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்.

நம் நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் 'சந்தாப் பொறி' ஒன்று. இலவசச் சந்தாவுக்காகப் பண விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலையோ கட்டாயப்படுத்திக் கேட்பதே பொறி என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் விதி ஏட்டில் தூங்குகிறது. பொறி வீதியில் விழித்திருக்கிறது!

"கொடுப்பதை வாங்கினால் என்ன?"

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "ஏழைப் பிள்ளைக்கு இலவசமாக ஒரு வசதி கிடைத்தால் உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல்?"

நமக்கு எரிச்சல் இல்லை. மாணவர்களுக்குச் சலுகை வேண்டும், இலவசமும் வேண்டும் என்று முதலில் கேட்கிறவர்கள் நாம்தான். ஆனால் இலவசத்தில் இரண்டு ஜாதி உண்டு. 1956-ல் காமராஜர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டது. சாப்பிட்ட பிள்ளைக்கு வளர்ந்த பிறகு யாராவது பில் அனுப்பினார்களா? அரசுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளை இலவசமாகப் போகிறது. பாஸ் காலாவதியானால் அப்பன் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறார்களா? வரதர் கோயில் பிரசாதத்துக்குக் கூட யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இவை உரிமையும் உபகாரமும். மற்றது தூண்டிலில் கோத்த புழு. மீனுக்குப் புழு இலவசம்தான்!

சில இலவசங்கள் எவ்வளவு கொடியவை என்பதை நம் நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்பவுடர் டப்பாவை இலவச மாதிரியாகக் கொடுத்தார்கள். டப்பா தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றிவிடும். பிறகு விலைக்கு வாங்கித்தான் தீர வேண்டும். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1992-ல் இந்தியாவில் அப்படி இலவச மாதிரி கொடுப்பதையே சட்டம் தடை செய்தது. மக்கள் போராடினால் தூண்டிலை முறிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

2024 ஜூலையில் தனியார் கட்டணம் உயர்ந்தபோது லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்குத் திரும்பினார்கள். மக்களுக்குப் போக்கிடம் இருந்தால்தான் முதலாளிக்குப் பயம் இருக்கும். அந்த ஸ்தாபனம் நாடு முழுவதும் 4ஜி தொடங்கியது 2025 செப்டம்பரில்தான். ஒன்பது வருடத் தாமதம் யாருக்கு லாபமாயிற்று என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுமா?

ஆகவே நாம் கோருவது இவை:

இலவசச் சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல் கேட்கிற கம்பெனிகள் மீது 2023-ம் ஆண்டு விதிப்படி நடவடிக்கை எடு!

இலவச காலம் முடிந்தால் சந்தா தானே அறுந்து போக வேண்டும். தொடர விரும்புகிறவன் மறுபடி ஒப்புதல் தரட்டும்!

பி.எஸ்.என்.எல்.லைப் பலப்படுத்து, மாணவர்களுக்கும் கிராமத்து வாலிபர்களுக்கும் நிரந்தரச் சலுகைக் கட்டணம் கொடு!

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று இரவே உங்கள் வீட்டுப் போனில் பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, 'ஆட்டோபே' பகுதியில் எந்தெந்தக் கம்பெனிக்கு ஒப்புதல் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்துச் செய்யலாம். கேட்காமல் பணம் எடுத்தவன் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள். தறிக்கூடத்திலும், ஆலை வாசலிலும், நடவு வயலின் வரப்பிலும் இதைப் பேசுங்கள்.

முன்பணத்தின் கயிற்றை அறுக்கக் காஞ்சி நெசவாளி கண்ட வழி கூட்டுறவும் சங்கமும். அப்பன் அறுத்த கயிற்றை மகன் கழுத்தில் மாட்ட விடலாமா?