ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? கடைக்காரர் போடும் பாட்டை நம்பாதீங்க!

போனஸ் பணம் வந்தாச்சு. ஹாலுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கலாம் என்று கடைக்குப் போகிறீர்கள். விற்பனையாளர் பட்டனைத் தட்டியதும் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கிறது, கண்ணாடி உடைகிறது, அடுத்து ஒரு குத்துப் பாட்டு. நெஞ்சுக்கூடே அதிர்கிறது. "பேஸ் எப்படி சார்?" முப்பதாயிரம் ரூபாய்க்கு பில் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பார்த்தால், அம்மாவுக்குப் பிடித்த எஸ்.பி.பி. பாட்டில் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி வாங்கத் தயங்குகிறார்கள்.

டெமோ பாட்டு என்பது அந்த ஸ்பீக்கருக்கு எது நன்றாக வருமோ, அதைப் பார்த்துப் பொறுக்கியது. தவிர, ஹெலிகாப்டர் சத்தம் சரியாக இருக்கிறதா, இல்லையா என்று நம்மில் யாருக்குத் தெரியும்? எஸ்.பி.பி. குரல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நூறு முறையாவது கேட்ட நான்கைந்து பாட்டுகளோடு கடைக்குப் போங்கள். 'தரமான' பாட்டு என்று யாரோ சொன்னதைவிட, உங்களுக்கு மனப்பாடமான பாட்டுதான் உதவும்.

அதில் ஒன்றாவது குரல் தனித்துக் கேட்பதாக இருக்கட்டும். எம்.பி.3 தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்தார். வாத்தியமே இல்லாத வெறும் குரல் அது. வாத்தியங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குறையெல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். நம் ஊர்ப் பாட்டுகளில் பல்லவிக்கு முன் வரும் தனி ஆலாபனை போதும். 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் காதில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

அடுத்து, பாட்டி காலத்து பி.சுசீலா பாட்டு ஒன்று. சிரிக்காதீர்கள், இது முக்கியமான சோதனை! 1960களின் தமிழ் சினிமாப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலிதான் போகும். அதனால் நடுவில் உட்கார்ந்து கேட்டால், குரல் இரண்டுக்கும் சரியாக நடுவிலிருந்து வரவேண்டும். அங்கும் இங்கும் பரவி, பேஸும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிச் செருகியிருக்க வாய்ப்பு அதிகம். பிற்காலத்தில் புது தாளம் சேர்த்து வெளியிட்ட வடிவம் இதற்கு உதவாது.

இடது, வலது பிரிவைப் பார்க்க இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) நல்ல தேர்வு. வயலின்கள் ஒரே கூட்டமாகக் குழம்புகிறதா, தனித்தனியாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். கர்னாடக சங்கீதம் கேட்பவர் என்றால் வேலை இன்னும் சுலபம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பின்னால் தம்புரா கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் 'கும்' என்று ஒலித்து உடனே அடங்க வேண்டும். அடங்காமல் இழுத்தால் அது பேஸ் இல்லை, இரைச்சல்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது வால்யூம் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்ல ஸ்பீக்கர் என்று காது ஏமாறும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு வேண்டாம். ஆப்பில் உயர்தர ஆடியோவைத் தேர்ந்தெடுத்து டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் ப்ளூடூத்தை விட்டு ஒயரில் இணைத்துக் கேளுங்கள். கூடவே வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வயது ஏற ஏற மிக உயர்ந்த சுருதிகள் காதுக்கு எட்டாமல் போகும். அப்பாவுக்கு இதமாக இருப்பது மகளுக்குக் கீச்சென்று கேட்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டுகளை அதே வரிசையில் போடுங்கள். அறை மாறினால் ஒலியும் மாறும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் பேஸ் வீங்கிக் கேட்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தாலே பாதி சரியாகிவிடும். அப்படியும் குரல் கிணற்றுக்குள்ளேயே இருந்தால் மாற்றக் கேட்க வேண்டியதுதான். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதை பில் போடும் முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.