ஹால் டிக்கெட் வராதவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு?

ஏப்ரல் பிறந்தால் போதும், 'தேர்வு அழுத்தத்தை வெல்வது எப்படி?' என்று கல்லூரி அரங்குகளில் கூட்டம் போடுவார்கள். நன்றாகத் தூங்குங்கள், செல்பேசியைத் தள்ளி வையுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள். இதில் எதுவும் தவறில்லை. தூக்கம் கெட்டால் படித்தது மண்டையில் நிற்காது என்பது உண்மைதான். ஆனால் இந்த அறிவுரை யாரை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது? படிக்கத் தனி அறை, நேரத்துக்குக் கட்டிய கட்டணம், சந்தேகம் கேட்கப் படித்த அப்பா அம்மா, இவையெல்லாம் உள்ளவரை வைத்து.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த தலித் மாணவரின் தேர்வுக் காலம் வேறு. உதவித்தொகை இன்னும் வங்கிக் கணக்கில் ஏறியிருக்காது. கட்டணம் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்று அலுவலகத்தில் கை விரிப்பார்கள். சாப்பாட்டுச் செலவுக்காக கேட்டரிங் வேலைக்குப் போன நாட்களால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும்; அதற்குத் தனியாக அபராதம் கட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவருக்குக் கேள்வி புரியும், பதிலும் தெரியும், ஆங்கிலத்தில் எழுதத்தான் கை வராது. இதற்கு மேல் இன்டர்னல் மார்க் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த தோரட் குழு, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு காட்டப்படுவதாக மாணவர்கள் சொன்னதை 2007இலேயே பதிவு செய்தது.

இந்த அழுத்தம் மாணவரின் மனதில் பிறந்ததல்ல. அலுவலகத்தில், வகுப்பறையில், விடுதியில் பிறந்து அவர் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே அதைச் சமாளிக்கும் பொறுப்பை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

அண்ணல் அம்பேத்கரின் கதையைத் 'தனிமனித உழைப்பால் உயர்ந்தவர்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியவர் அவர். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், இவற்றோடுதான் 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவருக்கு அறிவும் உழைப்பும் எப்போதும் இருந்தன. 1917இல் இல்லாமல் போனது பணம். 1920இல் கூட இருந்தது கை கொடுத்த மனிதர்கள்.

அப்படிக் கை கொடுப்பதை நாமே ஏற்பாடு செய்துகொள்ள முடியும். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு பாடத்தின் ஐந்து யூனிட்டையும் பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றைப் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் விளக்கட்டும். சீனியர்களிடமிருந்து பழைய கேள்வித்தாள்களையும் நோட்டுகளையும் வாங்கி விடுதியிலேயே ஒரு பெட்டியில் வையுங்கள். அரியர் வைத்திருப்பவரைக் கிண்டல் செய்யாமல் இந்த வட்டத்துக்குள் முதலில் அழையுங்கள். அந்தத் தாளில் எங்கே வழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கட்டணப் பிரச்சினைக்குத் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். பாதிக்கப்பட்ட எல்லோரும் கையெழுத்திட்டு முதல்வரிடம் மனு கொடுங்கள். நகலை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் வரை காத்திருக்காதீர்கள். ஆங்கில வழியில் நடக்கும் படிப்பானாலும் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரி அதை என்ன செய்தது என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், தேர்வுக் காலத்தில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து வழிகாட்டிகளை ஒதுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடில்லாமல் அணுக ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார்? தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

காரணம் வெளியே இருக்கிறது என்பதற்காக வலி பொய்யாகிவிடாது. தூக்கமே வராமல், வாழவே பிடிக்காமல் போகிறது என்றால் அது உதவி கேட்க வேண்டிய நேரம். டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசம். உதவி கேட்பது கோழைத்தனமல்ல.

ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட அரசின் மாணவர் விடுதிகள் 2025இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறின. நல்லது. அங்கே இரவு பன்னிரண்டு மணிக்கும் எரியும் விளக்கும், உட்கார்ந்து படிக்க மேசையும், தேர்வுக்கு முன்பே கணக்கில் ஏறிய உதவித்தொகையும் இருந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவோம். அதுவரை, பக்கத்து அறையில் தனியாக விழித்திருக்கும் தோழரின் கதவை இன்றிரவு தட்டுங்கள்.