வாசற்கதவு வாங்கப் போகிறீர்களா?

லயத்தில் இருந்தவரை கதவைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை. நிர்வாகம் போட்டுக் கொடுத்த பலகைக் கதவு. பகலெல்லாம் திறந்தே கிடக்கும். தாமானில் சொந்த வீடு என்று வந்ததும்தான் எந்தக் கதவு போடுவது என்ற கேள்வி பிறக்கிறது.

கடைக்காரர் முதலில் மலிவான ஒட்டுப்பலகைக் கதவைத்தான் காட்டுவார். தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றாக ஒலித்தால் அது படுக்கையறைக்குத்தான் ஆகும். வாசலில் மாட்டினால் மழைச்சாரல் பட்டு அடிப்பாகம் ஊதி, உரிந்து வரும். வாசலுக்கு நியாத்தோ, மெரந்தி போன்ற முழு மரமே நல்லது. செங்கால் இன்னும் உறுதி. விலையும் பாரமும் அப்படி! கதவின் அடிவிளிம்புக்கும் சாயம் பூசச் சொல்லுங்கள். கண்ணில் படாது என்று விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுவதே அங்கேதான். அகலம் 3 அடிக்குக் குறைய வேண்டாம். நாளைக்கு மாமியாரின் சக்கர நாற்காலியும் அவ்வழியேதானே வர வேண்டும்?

இனி இரும்புக் கிரில். திருடனுக்குப் பயந்து இரண்டு மூன்று பூட்டுப் போடுகிறோம். சாவி எங்கே? அப்பாவின் சட்டைப் பையில்! நள்ளிரவில் தீப்பிடித்தால், புகைக்குள் அதை யார் தேடுவது? கிரிலைத் திறக்க முடியாமல் மாண்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக் கண்கலங்கியவர்கள்தானே நாம்? சாவியைக் கதவருகிலேயே, வெளியிலிருந்து கைநீட்டினால் எட்டாத இடத்தில், ஆணியடித்து மாட்டுங்கள். இன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு, மூத்த பிள்ளையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.