ஒபாமா கேட்ட பாட்டு

சேலையூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மார்கழி பிறந்துவிட்டால் தாம்பரத்தில் ரயிலேறி, சபா சபாவாகக் கச்சேரி கேட்டுவிட்டு, கடைசி வண்டியில் வீடு திரும்புகிறவர். நல்ல ரசிகர். அவர் வீட்டில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ஒரு பாட்டை வைத்தாள். ஒரு கிதார், ஒரு குரல். வேறு ஆர்ப்பாட்டம் அதிகமில்லை. முறிந்துகொண்டிருக்கிற ஒரு காதலைப் பற்றிய பாட்டு. நண்பர் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, யார் வீட்டிலே எழவு?" என்றார்.

"அப்பா, இது பிரதீக் குஹாட் பாட்டு. ஒபாமாவுக்கே பிடிச்சிருக்காம்."

"யாரு, அமெரிக்காவிலே இருந்தாரே, அந்த ஒபாமாவா?" நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கே, இன்னொரு தரம் வை, கேட்போம்."

சிரித்துவிட்டு மறந்துவிட வேண்டிய சங்கதிதான். ஆனால் என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் இப்படிக் கேட்பவர் என் நண்பர் ஒருவர் மட்டுமல்ல.

குஹாட் ஜெய்ப்பூர்க்காரர். நியூயார்க்கில் கணிதமும் பொருளாதாரமும் படித்துவிட்டு வந்து, தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடுகிறவர். 2015இல் அவருடைய முதல் ஆங்கிலத் தொகுப்பு வந்தது. 2018இல் 'கோல்ட்/மெஸ்' என்ற சிறு தொகுப்பு. அதே பெயர் கொண்ட அதன் பாட்டை, 2019ஆம் வருஷக் கடைசியில் ஒபாமா தமக்குப் பிடித்தவற்றின் பட்டியலில் சேர்த்தார். பட்டியல் வருவதற்கு முன்னும் அதே பாட்டுத்தான், பின்னும் அதே பாட்டுத்தான். முன்னே ஒப்பாரியாக இருந்தது பின்னே எப்படி உலகத் தரமாயிற்று? வெள்ளை மாளிகையில் இருந்தவர் தலையாட்டும் வரை நம் தலை ஆடாது என்றால், அந்தத் தலையை வைத்துக்கொண்டு ரசிகன் என்று சொல்லிக்கொள்வது எதற்கு?

"கிதாரை வைத்துக்கொண்டு சொந்தக் கதை பாடுவது மேல்நாட்டு இறக்குமதி" என்கிறார்கள். கிதார் இறக்குமதி, வாஸ்தவம். வயலினும் இறக்குமதிதான், அது இல்லாமல் நம் கச்சேரி நடக்கிறதா? தானே எழுதித் தானே பாடுகிறவனுக்கு நம்மிடம் 'வாக்கேயக்காரர்' என்று ஒரு பழைய சொல்லே இருக்கிறது. தியாகராஜர் அப்படிப்பட்டவர், 1973 வரை நம்மிடையே வாழ்ந்த பாபநாசம் சிவன் அப்படிப்பட்டவர்.

"பக்தியைப் பாடினால் சரி, காதல் போயிற்று என்று புலம்புவதா?" என்பது அடுத்த ஆட்சேபணை. திருக்குறளின் காமத்துப்பாலைத் திறந்து பாருங்கள். 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7. மீதி 18 கற்பியல். அந்தப் பதினெட்டும் 'பிரிவாற்றாமை' என்றே ஆரம்பிக்கிறது. பெரும்பகுதி பிரிவும் ஏக்கமும் ஊடலுமே. சங்கப் புலவர்கள் பிரிவுக்கென்றே பாலை என்று ஒரு திணையை ஒதுக்கினார்கள். என் நண்பர் கண்ணீர் மல்கக் கேட்கும் க்ஷேத்ரய்யாவின் பதங்களில் பாதி என்ன? வராத காதலனை நினைத்து ஏங்குவதுதானே? காதலனுக்கு முவ்வ கோபாலன் என்று பெயர் வைத்துவிட்டால் பதம். பெயர் வைக்காவிட்டால் ஒப்பாரியா?

அங்கே தலைவன் திரும்பி வருவான், இங்கே வரமாட்டான் என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அதனால் துக்கம் கூடுகிறதே தவிரக் குறையவில்லையே!

இன்னோர் ஆட்சேபணைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். நம் சினிமாவில் காதல் தோல்விப் பாட்டு என்று ஒரு ரகம் உண்டு. 2011இல் 'கொலவெறி' வந்த பிறகு அதற்கு 'சூப் சாங்' என்ற செல்லப் பெயர் கூட ஏற்பட்டது. அந்த ரகத்தில் பலவற்றிலும் குற்றவாளி எப்போதும் பெண். ஆண் குடிப்பான், ஏசுவான். தியேட்டர் விசில் அடிக்கும். இதை வெறுக்கிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் இந்தச் சினத்தைக் கொண்டுபோய்க் குஹாட் போன்றவர்கள் தலையில் கொட்டுவது நியாயமில்லை. அந்தப் பாட்டில் அவர் அவளை ஏசவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை, சேர்ந்திருக்கவும் முடியவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்.

இது சின்ன வித்தியாசமல்ல. 2022 அக்டோபரில், எங்கள் தாம்பரம் ரயில் பாதையில், பரங்கிமலை நிலையத்தில், ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொன்றான் ஓர் இளைஞன். அவள் அவனை வேண்டாம் என்றிருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த நிலையத்தை வண்டி கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு பாட்டு அவனைத் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டு, அழுது, அவளைப் பழிக்காமல் வீடு திரும்ப ஓர் ஆண்பிள்ளையால் முடியும் என்பதை நம் பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்? அப்பா சொன்னாரா, வாத்தியார் சொன்னாரா, கதாநாயகன் சொன்னானா? கதை எழுதுகிற நானும்தான் சொல்லவில்லை. சொல்கிற ஒரு குரல் வரும்போது, "ஆம்பிளை அழலாமா?" என்று கேலி செய்கிறோம்.

குஹாட்டின் பாட்டு உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. மெட்டு சப்பென்று இருக்கிறது என்று சொல்லுங்கள், அது விமரிசனம். வார்த்தை பழசு என்று சொல்லுங்கள், அதுவும் விமரிசனம். அழுகிறான் என்பதே குற்றமென்று சொல்லாதீர்கள்.

என் நண்பர் அன்று இரண்டாம் தரமும் கேட்டார். முடிந்ததும், "பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அந்தப் பாட்டை எதற்காக வைத்தாள் என்று அவர் கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை.