நாற்பது தினாரும் ஒரு மகனும்



இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் கரையிறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், பாவா ஆதம் மலை ஏறினார். பாடத்தில் இவ்வளவுதான். அந்தப் பயணத்துக்காக அவர் இழந்தது பாடத்தில் இல்லை.

1325இல், 21 வயதில், மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் உம்மா வாப்பாவை விட்டுப் புறப்பட்டவர் அவர். டமஸ்கஸில் திருமணம் முடித்து, மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே பிரிந்தார். மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போது கிடைத்தது. பிள்ளையின் பாட்டனாருக்கு 40 பொன் தினார் அனுப்பினார். மாலைதீவிலும் இதே கதைதான். அங்குள்ள பெண்கள் நாட்டை விட்டு வரமாட்டார்கள் என்று அவரே சொல்கிறார். அங்கே பிறந்த மகனைப் பின்னொரு நாள் போய்ப் பார்த்தார். தாயிடமே விட்டுவிட்டு மறுபடியும் கப்பலேறினார்.

1348இல் டமஸ்கஸுக்குத் திரும்பியபோது, பணம் அனுப்பிய அந்த மகன் மௌத்தாகி 12 வருடம். வாப்பா மௌத்தாகி 15 வருடம். உம்மா இருக்கிறார் என்றார்கள். அடுத்த வருடம் ஊரை நெருங்கும்போது, தாஸா என்ற இடத்தில் செய்தி வந்தது: உம்மாவைக் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது.

ஐம்பது வயது தாண்டிய பிறகு அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதினார். 1355இல் முடிந்த அந்த நூலில் சுல்தான்களின் விருந்துகள் பக்கம் பக்கமாக வருகின்றன. மகனின் மரணம் சில வரிகள்தான். வலி இல்லாததால் என்று நமக்குத் தோன்றவில்லை.

கரடியனாறு கடலோர ஊர் இல்லை, வயல் ஊர். ஆனாலும் கடல் கடந்து போனவர்கள் நம் பக்கத்தில் குறைவா? கப்பல் வேலை, கட்டாரில் டிரைவர், குவைத்தில் வீட்டு வேலை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மாவும் மூத்தம்மாவும்தான் வருகிறார்கள். நாற்பது தினார் இப்போது வங்கிக்கு மாதாமாதம் வருகிறது.

போகவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கடன் இருக்கிறது, குமர்ப்பிள்ளை இருக்கிறது. ஆனால் போகுமுன் லீவையும் டிக்கெட்டையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் ஊழியருக்கு 12 மாதத்துக்குள் வீடு திரும்பும் உரிமையை 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் தருகிறது. வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு ஒப்பந்தமே பெரும்பாலும் இரண்டு வருடம்.

திரும்பி வந்தவரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு சேர்த்தீர்கள்? அறுபது வயதில் அவர் பேசத் தொடங்கினால், வெளிநாட்டுக் கதை அளக்கிறார் என்று எழும்பிப் போகிறோம். அவர் ஏங்குவது கட்டாரை நினைத்தல்ல. தான் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளையை நினைத்து, முகம் பார்க்காமலே அடக்கப்பட்ட தாயை நினைத்து, தனியே வயதாகிப்போன மனைவியை நினைத்து.

அப்படியானவர்களை ஒரு பாடவேளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அழைப்போம். பிள்ளைகள் கேட்கட்டும், எழுதி வைக்கட்டும். வீட்டில் இருப்பவர்களும் போனைக் கொஞ்சம் வைத்துவிட்டு, அவர் இருக்கும்போதே கேளுங்கள்.