கூரை திறக்கும் காரும், பூச்சுக்குள் மறையும் துருவும்

மேற்கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் இரண்டு இருக்கைக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இது வீண்விரயம் அல்லவா?" என்ற கேள்விதான் நம் சகோதரர்களிடமிருந்து முதலில் எழுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு. பிள்ளைகளை ஏற்ற இடமில்லை. இரண்டு பைகளுக்கு மேல் சாமான் கொள்ளாது. மழை வலுத்தால் துணிக்கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவரின் பேச்சே கேட்காது. ஆயினும், நான் வசிக்கும் இங்கிலாந்தில் இருபத்தைந்து ஆண்டு பழைமையான மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை, புதிய குடும்பக் காரின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே வாங்கிவிடலாம். ஆகவே விலையை மட்டும் பிடித்துக்கொண்டு விவாதிப்பது பயனற்றது. இத்தகைய வண்டியில் மார்க்கம் நம்மிடம் கேள்வி கேட்கும் இடம் வேறொன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டுக் குறைகளை மட்டும் பேசுவது நேர்மையன்று. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் எம்எக்ஸ்-5இல் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். ஏறத்தாழ 115 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் கார்கள் பலவற்றின் திறனும் இதைவிட அதிகம். ஆனால் வண்டியின் எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. எஞ்சின் முன்னால், இயக்கும் சக்கரங்கள் பின்னால், எடை இரு அச்சுகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிரப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தால் வண்டி அந்தச் சற்றே அளவுக்கு மட்டும் திரும்பும். குதிரையும் ஓட்டுபவனும் ஓருடலாவது என்ற பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லை அதன் பொறியாளர்கள் இலக்காகக் கொண்டார்கள். விளம்பர வாசகமாகத் தோன்றினாலும், ஓட்டிப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில், ஒரு கிராமத்துச் சாலையில், அறுத்த புல்லின் வாசனையோடு செல்வதில் கிடைக்கும் நிறைவுக்குச் சட்டத்தை மீறும் வேகம் தேவையே இல்லை. பெரிய எஞ்சின் பொருத்திய கார்களின் மகிழ்ச்சியோ பெரும்பாலும் அபராதச் சீட்டுக்கு அருகில்தான் தொடங்குகிறது.

இவ்வகைக் கார்களை உலகுக்குப் பழக்கியவர்கள் பிரிட்டிஷார். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான எம்ஜிபி அவற்றுள் பெயர்பெற்றது. அதே 1962இல் வந்த லோட்டஸ் இலான், ஓட்டும் சுகத்துக்கு அளவுகோலானது. ஆனால் அக்காலத்து வண்டிகள் எண்ணெய் கசிந்தன, ஈரமான காலையில் கிளம்ப மறுத்தன, மின்னமைப்பு கேலிப்பொருளாயிற்று. நாளடைவில் உரிமையாளர்கள் அந்தக் குறைகளையே பெருமையாகப் பேசத் தொடங்கினார்கள். எண்ணெய் கசியவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என நகைச்சுவையும் பிறந்தது. சாலையோரம் நின்று தவிப்பதுதான் நேசத்தின் அடையாளம் என்றாகிவிட்டது.

இந்த மனப்பான்மையை நான் ஏற்பதில்லை. பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோதோவிடம், பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போன்ற எளிய, விலை குறைந்த ஒன்றை உருவாக்குமாறு சொன்னார். பத்தாண்டுக்குப் பின் வந்த கார், அதே சுகத்தைத் தந்ததோடு ஒவ்வொரு காலையும் கிளம்பவும் செய்தது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. பழுதும் மகிழ்ச்சியும் இணைபிரியாதவை என்ற கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 1989 முதல் 1991 வரையிலான எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க் தண்டின் முன்முனையில் சாவிப்பள்ளம் தேய்ந்து, எஞ்சினின் நேர ஒழுங்கே குலையும். ஆயினும் இவ்வண்டியின் பெரும் பகை துருதான். துணிக்கூரையில் வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைச்சருகும் மண்ணும் அத்துளைகளை அடைத்துவிட்டால், நீர் கதவுகளுக்குக் கீழே ஓடும் வெற்றுத் தகட்டுப் பெட்டிக்குள் தேங்கிவிடும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் வெளியிலிருந்து சேர்ந்துகொள்ளும். தகடு உள்ளிருந்து அரித்து, மேற்பூச்சு கொப்பளிக்கும்போது காரியம் முற்றியிருக்கும். வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதைத் தவிர வேறு மருந்தில்லை. பின்பக்கத்தில் பெயின்ட் பளபளத்த ஒரு வண்டியை நான் பார்க்கப் போனபோது, சக்கர வளைவில் காந்தம் ஒட்டவில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசப்பட்டிருந்தது. "பழைய ஸ்போர்ட்ஸ் கார்தானே பாய், எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும்," என்றார் விற்பவர். விற்பவரும் நம்மவர்தான்.

நான் முன்பு குறிப்பிட்ட இடம் இதுவே. இங்கிலாந்துச் சட்டப்படி, தனிநபர் ஒருவர் தம் பழைய காரை விற்கும்போது பொய்யாக வர்ணிக்கக் கூடாது. ஆனால் கேட்கப்படாத குறையைத் தாமாக முன்வந்து சொல்லும் கடமை பொதுவாக அவர்மீது இல்லை. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. நமக்கோ கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிந்த குறையைச் சொல்வது கடமை. மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமாகவே பேசுகின்றன. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்ற பொது நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்தே துருவின்மீது பட்டி பூசி விற்பதை ஆகுமாக்கியவர் எவருமில்லை. ஐங்காலத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்கூட வாகன விற்பனை என்றதும் வேறு ஒழுக்கத்தைக் கைக்கொள்வது எனக்கு விளங்காத விஷயம்.

உண்மையைச் சொன்னால் விலை குறையுமே என்பார்கள். குறையட்டும், குறையுள்ள பொருளின் விலை அதுதான். மேலும், இவ்வகை வண்டிகளை நாடி வருபவர்கள் பெரும்பாலும் விவரம் அறிந்தவர்கள். பதிவு எண்ணைக் கொண்டு எம்ஓடி என்னும் வருடாந்தரச் சோதனையின் வரலாற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம். துரு பற்றிய எச்சரிக்கை ஆண்டுவாரியாக அங்கே பதிந்திருக்கும். அவர்களிடம் மறைக்க முயல்வது வீண். மறைப்பில் சிக்குபவர் முதன்முறை வாங்கும் இளைஞர்தான். அதுவும் சேமிப்பைத் துடைத்துக் கொண்டு வந்தவராக இருப்பார்.

என் வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. டைமிங் பெல்ட் எந்த மைலில் மாற்றப்பட்டது, வலப்பக்கத் தகடு எப்போது வெல்டிங் செய்யப்பட்டது, இடப்பக்கம் இன்னும் செய்யப்படவில்லை, கூரையின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மங்கிவிட்டது, பெருமழையில் பயணி பக்கத்து மிதியடி நனைகிறது என்பன அதில் உள்ளன. விற்கும் நாளில் சாவிக்கு முன்பாக அதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.